இடது பின் டயர் வெடிக்கவில்லை

என் பெயர் இந்து. தந்தை பெயர் ராஜ்குமார். வயது இருபத்து மூன்று. வசிப்பது சாம்பியன் ரீப்ஸ், பம்ப் ஹவுஸ் லைன், கோடி வீடு. படிப்பு பி.இ. மெக்கானிக்கல். லாரிப் பட்டறை ஒன்றில் பயிற்சிப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். பட்டறையின் பெயரும் முகவரியும் வழக்கு விவரத்தில் ஏற்கெனவே உள்ளன. எனக்குக் கன்னடம் பேச வரும், பிழையில்லாமல் எழுத வராது. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். ஆகவே உதவி ஆய்வாளர் கிருஷ்ணப்பா அவர்கள் கேட்கக் கேட்க, பெண் காவலர் ஷோபா அவர்கள் உடனிருக்க, என் கைப்படத் தமிழில் எழுதித் தருகிறேன். பிறகு கன்னடத்தில் மாற்றி எழுதிக்கொள்வதாகச் சொன்னார்கள். என்னை யாரும் மிரட்டவில்லை என்று எழுதச் சொன்னார்கள். நிலையத்துக்குள் யாரும் மிரட்டவில்லை என்று எழுதுகிறேன்.

எங்கள் பட்டறையில் ராணுவம் ஏலத்தில் விட்ட பழைய ஆறு சக்கர லாரிகளை வாங்கி, மணலில் ஓடும்படி மாற்றிக் கட்டி விற்கிறார்கள். பாலைவனப் பக்கம் தண்ணீர்த் தொட்டியும் போர்வெல் போடும் இயந்திரமும் ஏற்றிப் போக இந்த வண்டியைக் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் மணல் என்றால் தங்கச் சுரங்கம் கல்லை அரைத்துத் தள்ளிய சயனைடு மேடுகள்தான். அந்த மேட்டின் அடிவாரத்தில், மழையில் கரைந்து இறங்கிப் பரவியிருக்கும் மண்ணில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அங்கே ஓட்ட அனுமதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியாது. அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஆறு டயரையும் பார்ப்பது என் வேலை. காற்றை அளக்க வேண்டும், கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், பக்கச் சுவரில் வெட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வண்டியை ஓட்டுபவர் எட்மண்ட். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊரிகத்தில் வீடு. நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். டயர் கழற்றி மாட்டுபவர் சம்பங்கி, பேத்தமங்களாவிலிருந்து வருகிறார். பட்டறையை நடத்துபவர் மனோகர் சார். அவருடைய அப்பா பெரிய இன்ஜினியரிங் தொழிற்சாலையில் வேலை கிடைத்துத் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தவர். மனோகர் சாரும் அங்கே வேலை பார்த்துவிட்டுப் பிறகு இந்தப் பட்டறைக்கு வந்தார்.

மணலில் போகும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் மணல்மேல் பரந்து உட்காரும், புதையாது. ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் டயரின் ஓரம் இரும்பு ரிம்மை இறுகப் பிடிக்காது. இன்ஜின் ரிம்மைச் சுற்றும், டயர் கூடவே சுற்றாமல் பின்தங்கும். உள்ளே இருக்கும் டியூப் டயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் வால்வு மட்டும் ரிம்மின் ஓட்டையில் மாட்டியிருப்பதால் ரிம்மோடு இழுபடும். இதை உதவி ஆய்வாளர் இரண்டு முறை கேட்டார். என் சட்டைக் கையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கையை மட்டும் திருப்பிக் காட்டினேன். புரிந்தது என்றார்.

இரண்டு மாதங்களுக்கு முன்னால் இடது பின் டயர் காற்று இழக்க ஆரம்பித்தது. முதலில் முள் குத்தியிருக்கும் என்று நினைத்தோம், ஏனென்றால் மேட்டைச் சுற்றிலும் சீமைக் கருவேல முள். டியூபை வெளியே எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தோம், குமிழி வரவில்லை. அதன் பிறகு வால்வுக்குள் காற்றை அடைத்துவைக்கும் சின்னப் பின்னை மாற்றினோம், ஏனென்றால் மேட்டு மண் முகப்பவுடர் மாதிரி நைசானது, எங்கே வேண்டுமானாலும் நுழையும். அதன் பிறகும் காற்று இறங்கியது. அதன் பிறகு காற்றளவி தவறாகக் காட்டுகிறதோ என்று வேறொன்றை வாங்கி வந்து பார்த்தோம். இரண்டும் ஒன்றையே காட்டின. பட்டறையில் நின்றால் காற்று இறங்கவில்லை, மணலில் ஓடினால்தான் இறங்கியது.

அப்போது எட்மண்ட் அங்கிள் சொன்னது நினைவிருக்கிறது. "பின்னால இன்னாமோ வழுக்குது பாப்பா. கிளட்சு இல்ல. சக்கரம் ஓடுது, வண்டி ஓட மாட்டுது."

அதைக் கேட்ட பிறகு நான் டயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு வால்வைப் பார்த்தேன். மற்ற ஐந்து சக்கரத்திலும் வால்வு நேராக நின்றது. இடது பின்சக்கரத்தில் மட்டும் சாய்ந்திருந்தது. சம்பங்கி அண்ணாவிடம் சொன்னேன். அவர் வெள்ளைப் பெயின்டை எடுத்து, டயரிலிருந்து ரிம் வரை குறுக்கே ஒரே நேராகக் கோடு போட்டார். மறுநாள் மணலில் ஓட்டித் திரும்பியபோது டயரிலிருந்த கோடும் ரிம்மிலிருந்த கோடும் நான்கு விரல் அகலத்துக்கு விலகியிருந்தன. டயரைக் கழற்றினால், அது உட்காரும் இடத்தில் ரிம் துருப்பிடித்துச் செதில் செதிலாக இருந்தது, போதாததற்கு எப்போதோ யாரோ கிரீஸும் தடவியிருந்தார்கள். சம்பங்கி அண்ணா கிரீஸைத் துடைத்து, கம்பிப் பிரஷ் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, இரும்பை வெள்ளையாக்கி, ஈரமில்லாமல் மாட்டினார். ஆறு சக்கரத்துக்கும் அப்படியே செய்து கோடு போட்டோம். காற்றை இருபத்தைந்து பவுண்டுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று மனோகர் சாரே சொன்னார். அதன் பிறகு கோடுகள் விலகவில்லை. மனோகர் சார் பானெட்டைத் தட்டி, "குட்" என்றார். எனக்குச் சொன்னாரா வண்டிக்குச் சொன்னாரா தெரியவில்லை. நான் வீட்டில் போய் எனக்குச் சொன்னதாகச் சொன்னேன்.

அதன் பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குப் பெயின்ட் படாத இரும்பு இருக்கக் கூடாது. சுத்தியல் தலைக்குக்கூடப் பெயின்ட் அடிப்பார்கள். இந்த முறை பூஜை முடிந்த இரண்டாம் நாள் வண்டியை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. வண்டி ஷோரூமில் இருந்து வந்ததுபோல இருக்க வேண்டும் என்று மனோகர் சார் சொன்னார். சம்பங்கி அண்ணா அன்று ஊரில் தன் அண்ணனுடைய டிராக்டருக்குப் பூஜை போடப் போயிருந்தார். மற்றவர்கள் ஆறு சக்கரத்தையும் இறக்கி, டயரைப் பிரித்து, ரிம்களுக்குச் சில்வர் பெயின்ட் அடித்தார்கள். வெளியே தெரியும் பக்கம் மட்டும் அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பூஜைக்கு அரைகுறையாக அடிப்பதா என்று டயர் உட்காரும் இடம் வரைக்கும் அடித்தார்கள். எட்மண்ட் அங்கிளும் அடித்தார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவர் கிறிஸ்தவர், ஆனால் பூஜையன்று வண்டிக்கு மாலை போடுவது அவர்தான்.

அன்று தூறல் விட்டுவிட்டுப் பெய்ததால் பெயின்ட் காயவில்லை. பூஜைக்குப் பார்த்த நேரம் தவறிவிடும் என்று சோப்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி டயரை வழுக்கி மாட்டிவிட்டார்கள். நான் உள்ளே பூசணிக்காய்க்குக் குங்குமம் வைத்துவிட்டு வெளியே வந்தபோது ஆறு சக்கரமும் பளபளவென்று நின்றன. வெள்ளைக் கோடுகள் இல்லை. கோடு இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. மனோகர் சாரிடம் போய், சார், உள்ளேயும் பெயின்ட் அடித்துவிட்டார்கள் என்றேன். அவர் கற்பூரத் தட்டைக் காட்டி, முதலில் எடுத்துக்கொள் என்றார்.

மறுநாள் விடுமுறை. அதற்கு மறுநாள் காலையில் வாங்குபவர்கள் வருவதற்கு முன்பே சம்பங்கி அண்ணா வந்து, ரிம்மின் ஓரத்தில் நகத்தால் கீறிப் பார்த்தார். பெயின்ட் தோசை மாதிரி உரிந்து வந்தது. ஆறையும் பிரித்துச் சுரண்டிக் காய வைக்காமல் மணலில் இறக்கக் கூடாது என்று மனோகர் சாரிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதற்கு ஒரு நாள் ஆகும், அவர்கள் கோலார் தாண்டி வந்துகொண்டிருக்கிறார்கள் என்று மனோகர் சார் சொன்னார். நான் சாக்கட்டி எடுத்து ஆறு டயருக்கும் மறுபடி கோடு போட்டேன். அதை யாரும் போடச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு வாங்கும் கம்பெனி ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் சின்னவர் ரோனி. அடிவாரத்தில் ஷாமியானா போட்டு நாற்காலி வைத்திருந்தது. முதலில் எட்மண்ட் அங்கிள் சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டினார். வண்டி புதையாமல் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். வண்டி நின்றதும் நான் போய்ப் பார்த்தேன். இடது பின் டயரில் கோடு ஒரு சாண் விலகியிருந்தது. வால்வு படுத்த மாதிரி சாய்ந்து, அதன் கழுத்து ரிம் ஓட்டையின் ஓரத்தில் அழுந்திக்கொண்டிருந்தது. வலது பின் டயரிலும் கோடு இரண்டு விரல் விலகியிருந்தது, வால்வு கொஞ்சம் சாய்ந்திருந்தது. முன்னாலும் நடுவிலும் இருந்த நான்கிலும் கோடு விலகவில்லை.

நான் மனோகர் சாரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். வாங்குபவர்களுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் மெதுவாகச் சொன்னேன். ஆனால் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார். "பைசா கோபுரம்கூடத்தான் சாஞ்சு நிக்குது. விழுந்துடுச்சா?"

ஷாமியானாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

அடுத்து மேட்டின் பக்கச் சரிவில் குறுக்காக ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. குறுக்காகப் போனால் வண்டியின் பாரம் எல்லாம் கீழ்ப்பக்கத்து டயர்களின் ஓரத்தில் விழும். அன்று கீழ்ப்பக்கம் இடது பக்கம். எட்மண்ட் அங்கிள் கீழே இறங்கி வந்து வால்வைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மனோகர் சாரிடம் பேசினார். "சார், காத்து ஏத்திக்கினு கீழயே இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட்டிக் காட்றேன். சைடு ஏத்தம் இன்னிக்கு வாணாம். உட்ருங்க."

"கீழயே ஓட்டறதுக்கு நம்ம வண்டி எதுக்குங்க எட்மண்ட்? ஷேர் ஆட்டோ போதுமே" என்று மனோகர் சார் சொன்னார். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த வண்டி போகவில்லை என்றால் தீபாவளிக்குப் பட்டறையைப் பூட்டிவிடுவேன், அப்புறம் யாருக்கு ஓட்டுவீர்கள் என்றார். எட்மண்ட் அங்கிள் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

வழக்கமாக நான் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவேன். அன்று ரோனி உள்ளிருந்து பார்க்க ஆசைப்பட்டதால் அந்த இருக்கையை அவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். ஏறுவதற்கு நான்தான் அவருக்குக் கைப்பிடியைக் காட்டினேன். எட்மண்ட் அங்கிள் என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா, இன்னிக்கி உனுக்கு ரெஸ்டா?" என்றார்.

மது வாசனை இருந்ததா என்று கேட்டதற்கு, இல்லை. அன்று காலை அவரும் நானும் சம்பங்கி அண்ணாவும் பட்டறை வாசலில் ஒன்றாக டீ குடித்தோம். அவர் பேசியது தெளிவாக இருந்தது. கண் தெளிவாக இருந்தது. ரோனிக்குக் கைப்பிடி காட்டக் கேபினுக்குள் எட்டியபோது எட்மண்ட் அங்கிளுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தேன். டீசல் வாசனையும் அவர் தலையில் தடவியிருந்த எண்ணெய் வாசனையும்தான் வந்தன.

காற்றைக் குறைத்தது யார் என்று கேட்டதற்கு, நான் பார்த்ததை எழுதுகிறேன். எட்மண்ட் அங்கிள் இன்ஜினை ஓட விட்டு உட்கார்ந்திருந்தபோது, மனோகர் சார் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு இடது பின்சக்கரத்துக்கு வந்தார். சரிவில் மணல் இளக்கமாக இருக்கும், பாதியில் புதைந்தால் மானம் போய்விடும் என்றார். அவரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாவிக் கொத்தின் முனையால் வால்வின் பின்னை அழுத்திக் காற்றை விட்டார். நடுநடுவே என்னை அளக்கச் சொன்னார். இருபத்தைந்து, சார் என்றேன். மறுபடி அழுத்தினார். இருபது, சார் என்றேன். மறுபடி அழுத்தினார். நான் அளவியைப் பார்த்தேன், வாய் வரவில்லை. "படிம்மா" என்றார். பதினெட்டு என்றேன். எழுந்து பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அந்தச் சக்கரம் தெரியாது. காற்று போகும் சத்தமும் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. சம்பங்கி அண்ணா அப்போது ஷாமியானாப் பக்கம் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆகவே அதை அருகிலிருந்து பார்த்தது நான் மட்டும்தான்.

அதன் பிறகு நான் வண்டியின் முன்பக்கம் போவதற்காக ஓடினேன். மனோகர் சார் கையை உயர்த்திக் காட்டினார். நான் கதவருகே போவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அங்கிள் என்று கூப்பிட்டேன். என் குரல் எப்போதும் சின்னக் குரல். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் நான் சொல்லும் பதில் யாருக்கும் கேட்காமல் ஆப்சென்ட் போடுவார்கள். இன்னொரு முறை கூப்பிட்டேன்.

வண்டி வேகமாகப் போனதா என்று கேட்டதற்கு, இல்லை. முதல் கியரில் ஆள் நடக்கும் வேகத்தில்தான் ஏறியது. சரிவில் குறுக்காகத் திரும்பி வண்டியின் நீளம் அளவுக்குப் போயிருக்கும். இடது பின் டயரின் பக்கச் சுவர் மடிந்து வெளியே பிதுங்கியதைப் பார்த்தேன். அதன் பிறகு டயர் ரிம்மை விட்டு வெளியே வந்தது. வெடிக்கவில்லை. வெடித்தால் சத்தம் கேட்டிருக்கும். ஒரு பெருமூச்சு மாதிரிதான் கேட்டது. சில்வர் பெயின்ட் அடித்த ரிம் மட்டும் மண்ணுக்குள் கத்தி மாதிரி இறங்கியது. வண்டியின் பின்பக்கம் அந்தப் பக்கமாகத் தாழ்ந்தது. பூஜை மாலை அறுந்து முன்னால் விழுந்தது. அதன் பிறகு வண்டி அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தது, சரிந்தது, தலைகீழாகி ஒரு முறை புரண்டு நின்றது. மேட்டிலிருந்து மண் அதன்மேல் இறங்கிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு ஹாரன் அடித்தது. யாரோ அதன்மேல் விழுந்திருந்ததால் நிற்காமல் அடித்தது. தூசியில் ஒன்றும் தெரியவில்லை. நான் சத்தத்தை வைத்துத்தான் போனேன். ஓடினால் கால் முழங்கால் வரை புதைந்தது. டீசல் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. சம்பங்கி அண்ணா வந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். ஹாரன் நின்றது. அது நின்றபோதுதான் எனக்கு அதிகமாகப் பயமாக இருந்தது. ரோனி வலியில் கத்தினார், அவருடைய தொடை எலும்பு முறிந்திருந்தது. எட்மண்ட் அங்கிள் கத்தவில்லை. அவருடைய கை மட்டும் ஜன்னல் வழியாக வெளியே தெரிந்தது, விரல் நகங்களில் சில்வர் பெயின்ட் இருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. ஆம்புலன்ஸ் வரும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு நான் இடது பின்சக்கரத்தைப் பார்த்தேன். அப்போது ஏன் பார்த்தாய் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். ஓட்டம் முடிந்ததும் பார்ப்பது என் வேலை, கால்கள் தாமாகப் போயின. டயர் கிழியவில்லை. டியூபின் வால்வு அடியோடு பிய்ந்து, ரப்பர் துண்டோடு ரிம் ஓட்டையில் தொங்கியது. ரிம்மின் ஓரத்தில் பெயின்ட் சுற்றிலும் வழித்தெடுத்த மாதிரி உரிந்திருந்தது. அப்போது மனோகர் சாரும் அங்கே வந்தார். அவரும் பார்த்தார். 

அன்று போலீஸ் வந்து படம் எடுத்து, பார்த்ததை மகஜராக எழுதி, வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப்போய் அங்கேயே வைக்கச் சொன்னார்கள். ஓட்டுநர் பூஜைக் கொண்டாட்டத்தில் குடித்திருந்தார், தன் இஷ்டத்துக்குக் காற்றைக் குறைத்தார், வேகமாக ஓட்டியதில் டயர் வெடித்தது என்று மனோகர் சார் சொன்னதாக மறுநாள் கேள்விப்பட்டேன். எட்மண்ட் அங்கிள் கோலார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இன்னும் நினைவு திரும்பவில்லை. நினைவு திரும்பினாலும் டயரில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் பார்க்கவில்லை. ரோனிக்கு ஏதாவது ஆனால் பழி முழுவதும் தன் கணவர்மேல் விழும் என்று எட்மண்ட் அங்கிளின் மனைவி சோனியா ஆன்ட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார். கணவர் குடித்திருந்தாரா என்று என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

விபத்துக்கு மறுநாள் நான் வேலைக்குப் போனேன். வண்டியின் இடது பின்சக்கரத்தில் வேறு டயர் மாட்டியிருந்தது. பட்டறைக்குப் பின்னால் ரப்பர் எரிந்த நாற்றம் வந்தது. நான் அங்கே போய்ப் பார்க்கவில்லை. போகப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மனோகர் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். இதற்கு முன் எங்கள் லைனுக்கு அவர் வந்ததில்லை. ஜீப் தெருமுனையில் திரும்ப முடியாமல் நின்றது, அதனால் நடந்து வந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்பா பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. ரயிலில் வந்து அப்போதுதான் யூனிபாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார், மறுபடி பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மனோகர் சார் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மனோகர் சார் என்னைப் பற்றி நல்லபடியாகவே பேசினார். நான் கவனமான பெண் என்றும், மாதம் முடிந்ததும் வேலையை நிரந்தரம் செய்யப் போவதாகவும் சொன்னார். தேநீரைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். அதன் பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"பொண்ணு தூரத்துல நின்னிருந்தா, ஒண்ணும் பார்க்கலைங்க. அவ்வளவுதான் கேட்கிறேன். போலீஸ், கோர்ட்டுனு பேர் அடிபட்டுட்டா நாளைக்கு எந்தக் கம்பெனியில சேர்ப்பாங்க? உங்க வீட்டுல முதல் டிகிரி. யோசிங்க."

அப்பா, சரிங்க சார் என்றார். மனோகர் சார் போன பிறகு அம்மா பகலில் போடாத மேல் தாழ்ப்பாளையும் போட்டார். அப்பா சாப்பிடும்போது, "பெரிய எடத்து வம்பு. நமக்கு இன்னாத்துக்கு?" என்றார்.  கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆளு மெய்யாலுமே குடிச்சிருந்தாரா?" என்று கேட்டார். இல்லப்பா என்றேன். 

அதன் பிறகு இரண்டு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. பட்டறை ஜீப் எங்கள் தெருமுனையில் வந்து நின்றுவிட்டுப் போனது. அதில் இருந்தவர்கள் இறங்கவில்லை, யாரையும் திட்டவில்லை. சும்மா நின்றது. நான் ஜன்னலைத் திறக்காமல் இருந்தேன்.

இன்று காலை சம்பங்கி அண்ணா போன் செய்தார். மிகவும் மெதுவாகப் பேசினார். "வலது பின் டயரையும் மாத்தச் சொல்லிட்டாரும்மா. மத்தியானத்துக்குள்ள ரிம்மைச் சுரண்டி வெச்சிரணுமாம். ஜாக்கி தூக்கலன்னு சொல்லிகினு இருக்கேன். எம்மா நேரம் சொல்ல முடியும்? எனுக்கும் பிள்ளைங்க இருக்குது."

நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் ரயிலுக்குக் கிளம்பி, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். டப்பாவை வெளியே எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, செருப்பு போட்டுக்கோ என்றார். என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் கேட்டுக்கொள்வது, இடது டயர் போய்விட்டது, அதைப் பற்றி என் வாய்ச்சொல்லைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் வலது பின்சக்கரத்திலும் அதே பெயின்டை, அதே ஈரத்தில், அதே ஆட்கள்தான் அடித்து மாட்டினார்கள். அது இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தால் வால்வு சாய்ந்திருக்கும். டயரைக் கழற்றினால் உட்காரும் இடத்தில் பெயின்ட் உரிந்து மடிந்திருக்கும். டயர்க்காரர் யாராக இருந்தாலும் பார்த்ததும் சொல்லிவிடுவார். மத்தியானத்துக்குள் அதைப் போய்ப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும்.

இந்த இடம் வரை எழுதியதும் உதவி ஆய்வாளர் கிருஷ்ணப்பா அவர்கள் பக்கத்திலிருந்த காவலரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மணியைப் பார்த்து, கேமராவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிப் போனார். நிலைய வாசலிலிருந்து ஜீப் ஒன்று அவருக்கு முன்னாலேயே கிளம்பும் சத்தம் கேட்டது. அது யாருடைய ஜீப் என்று நான் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து வாசல் தெரியாது.

அவர் திரும்பி வந்த பிறகு கையெழுத்துப் போடலாம், அவசரமில்லை என்று பெண் காவலர் ஷோபா அவர்கள் சொன்னார். வேண்டாம், இப்போதே போடுகிறேன் என்றேன். அங்கே வலது டயர் இருக்கிறதா, மாற்றிவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் பார்த்தது இதுதான். மேலே எழுதியதை ஷோபா அவர்கள் எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எல்லாம் உண்மை என்று என் சுயபுத்தியோடு ஒப்புக்கொண்டு, முதல் கையெழுத்து சரியாக வராததால், அதன் கீழே இரண்டாம் முறையும் போட்டிருக்கிறேன். இரண்டும் என்னுடையவை.

ரா. இந்து
ரா. இந்து